இருபத்து நாலாவது இழை

வியாழன் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
கம்பி செத்தது.
கம்பி என்பது வாய்ப்பழக்கம். உள்ளே ஓடுவது கண்ணாடி.
மேலரசம்பட்டு தாண்டி, சிறுபாலத்துக்குத் தோண்டுகிற இடத்தில்
ஜேசிபியின் பல் அதைக் கடித்து
ஒரு முழம் வெளியே இழுத்துப் போட்டிருந்தது,
கோழிக் குடல் மாதிரி.

ஓட்டுநர் தட்சணாமூர்த்தி என் வண்டி வெளிச்சத்தில்
இரண்டு கையையும் தூக்கினான்.
"போர்டு இல்லண்ணா. இருந்தா நா தோண்டுவனா?"
போர்டு இருந்தது.
போன மாசம் யாரோ அதை ஆட்டுக் கொட்டகைக்குக்
கதவாக்கிவிட்டார்கள். நானே பார்த்தேன்:
'எச்சரிக்கை, கீழே ஒளியிழை' என்ற எழுத்தை
ஒரு கிடா நக்கிக்கொண்டிருந்தது.

விடிந்தால் வெள்ளி.
ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை.

சிலம்பு டார்ச் பிடிக்கிறான்.
குடையை நட்டு அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்தி
உள்ளே குந்திக்கொள்கிறோம், ஒரு கொசுவர்த்தியோடு.
தூசு பட்டால் போச்சு.
முடியைவிட மெலிந்த இழை. உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து,
நறுக்கி எதிரெதிரே வைத்தால்
மெஷின் திரையில் இரண்டு முனைகள்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல் நிற்கும்.
ஒரு பொறி.
அவ்வளவுதான் சமாதானம்.

ஊரில் எல்லா டவரும் படுத்துவிட்டது.
என் போனுக்கு மட்டும் அணைக்கட்டுப் பக்கமிருந்து
ஒற்றைக் கோடு வருகிறது. அதில்தான் எல்லோரும் ஏறுகிறார்கள்.

பேரணாம்பட்டு நயாஸ் பாஷா:
"நாப்பது ஆடு பேசி வெச்சிருக்கேன் பாய்.
எலெக்சன் டைம். கையில காசு கொண்டாந்தா
பறக்கும் படை புடிச்சுகினு போயிடுவான்.
போன்லதான் போடணும். வருமா, வராதா?"

செண்பகவல்லியின் ஷெட்டில் இருபத்தாறு தையல் மெஷின்,
ஷூவுக்கு மேல்தோல் தைப்பவை.
அளவு மாற்றம் ராத்திரியில்தான் வரும்; அனுப்புகிறவர்களுக்கு அது பகல்.
"ஆறு மணிக்கு ஆளுங்க வந்துடும் தம்பி.
எந்த அளவுன்னு தெரியாம தோலைத் தொட மாட்டேன்.
வெட்டுன தோலு ஒட்டாது."

நீலத்தில் வங்கி, ஏடிஎம்.
ஆரஞ்சில் பால் கூட்டுறவும் மருந்துக்கடையும் பத்திர ஆபீசும்.
பச்சை யாருடையது என்று எனக்கே தெரியாது,
ஆனால் அதில்தான் வெளிச்சம் அதிகம்.
மூன்றாவதில் கை நடுங்கியது. மறுபடி நறுக்கினேன்.
ஏழாவதில் சிலம்பு தூங்கி டார்ச் சாய்ந்தது.
திட்டவில்லை. அவனுக்கு நேற்றும் இதே வேலை, கீழ்கொத்தூரில்.

நாலு இருபதுக்கு ஒன்பதும் முடிந்தன.
இருபத்து நாலில் ஒளி ஓடுவது ஒன்பதில்தான்.
மற்றவை வாங்க ஆளில்லாமல் இருட்டில் கிடப்பவை.
"ஒன்பது போதும், மூடிட்டு வா" என்றார் சூப்பர்வைசர்
வேலூரிலிருந்து, போர்வைக்குள்ளிருந்து.

கடைசி இழை பீஞ்சமந்தை மலைக்கென்று போட்டது.
அடிவாரத்துக் கம்பம் வரை போய்
சுருண்டு தொங்குகிறது, நாலு வருஷமாக.
அந்தக் கம்பத்தடியில் போன வாரம் பொன்னன்
சாமை மூட்டையை இறக்கிவிட்டு நின்றிருந்தார்.
மேலே விலை தெரியாது, கீழே வந்தால்தான் தெரியும்,
தெரியும்போது மூட்டை இறங்கிவிட்டிருக்கும்.
சுருளை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:
"இது எப்ப ஏறும்?"
டெண்டர் என்றேன். அவர் பீடி பற்றவைத்தார்.

சிலம்பு பெட்டியை மூடப் போனான்.
"இரு" என்றேன்.
"ஒம்போதுக்குத்தான காசு?"
"ஆமா. அதுவும் அறுபது நாள் கழிச்சு."

பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
கிழக்கே உத்திரகாவேரி மணலில் சாம்பல் வெளுப்பு.
டெம்போக்கள் எங்களைக் கடந்தன, உள்ளே கத்தல், மூத்திர வாடை.
எங்கோ டீக்கடையில் அந்தச் சின்னப் பெட்டி
திடீரென்று தொண்டையைத் திறந்தது:
இருபது ரூபாய் பெறப்பட்டது.
இருபது ரூபாய் பெறப்பட்டது.
எட்டாயிரத்து ஐநூறு.
ஒரு ஆடு மிரண்டு கயிற்றை இழுத்திருக்க வேண்டும்;
யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள், சந்தோஷமாக.

இருபத்து நாலு, கடல் நிறம்.
பொறி.
ஒளி வராத இழைக்கும் மெஷின் கணக்குச் சொல்கிறது.
இழப்பு: புள்ளி பூஜ்யம் இரண்டு.
ராத்திரி முழுக்க ஒட்டினதில்
இதுதான் நல்ல ஒட்டு.