பூனைவணங்கி

ஜெசிந்தா பஹ்ரைன் போனபோது
பதினொரு தொட்டிகளையும் ஒரு தாளையும் விட்டுப் போனாள்.
செவ்வாய், வெள்ளி தண்ணீர்.
பெரிய இலைக்காரிக்கு நேர் வெயில் ஆகாது.
மணி பிளான்டைத் திட்டாதே, அதற்குக் கேட்கும்.
பூனையைப் பற்றித் தாளில் ஒன்றுமில்லை.
அப்போது பூனையே இல்லை.

எல்லீஸ் நகர், மூன்றாம் மாடி.
ஆடிக் காற்று கொடித்துணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய மதியம்
படியேறி வந்தார்.
செருப்பு அலமாரி, கேஸ் சிலிண்டர், கட்டிலுக்கடி,
இடம் இடமாக நின்று முகர்ந்து
எல்லை அளந்து முடித்த பிறகே உட்கார்ந்தார்.
தாசில்தார் என்று பெயர் வைத்தேன்.

ஒரே வாரத்தில்
தொட்டி மண் அத்தனையும் அவருக்குக் கழிப்பறை.
கூழாங்கல் பரப்பினேன், காலால் தள்ளினார்.
ஆரஞ்சுத் தோல் போட்டேன்,
இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார்.
கடைசியில் முள்கரண்டிகளைத் தலைகீழாக நட்டு வைத்தேன்.
மின்கணக்கு எடுக்க வந்த பையன்
எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
'கரண்டி எத்தனை நாள்லக்கா வெளையும்?'

ரத்த வங்கியில் இரவு ஷிப்டு முடித்துத்
திரும்பிய ஒரு விடியலில்
கதவருகே வரவேற்க ஆளில்லை.
பெரிய இலைக்காரியின் ஓர் இலையில்
பிறை போல் ஒரு கடி.
கட்டிலுக்கடியில் எச்சில் நூலாக ஒழுக
வாயைத் திறக்கிறார்,
மியாவ் வர வேண்டிய இடத்தில்
வெறும் காற்று.

வயர் கூடையில் துண்டு விரித்து
தல்லாகுளத்துக்கு ஆட்டோ.
ரயில்வே பாலம் ஏறும்போது
தாசில்தார், அவர், இவர் எல்லாம் உதிர்ந்து
'டேய், வேணாண்டா, டேய்' என்று மட்டும்
வந்துகொண்டிருந்தது என் வாயில்.

டோக்கன் வரிசையில் எனக்கு முன்னால்
வயிறு ஊதிய வெள்ளாடு,
கண் வீங்கிய சேவல்.
பாலித்தீன் பையிலிருந்து
கடித்த இலையை எடுத்து நீட்டினேன்.
டாக்டர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:
'டைஃபன்பேக்கியா. நாக்கு மரத்துப்போகும்.
ஒரு கடியோட விட்டானே, கெட்டிக்காரன்.
மணி பிளான்ட் இருக்கா? அதையும் ஒசத்தி மாட்டுங்க.'

இரண்டு நாள் வீட்டில் சத்தமே இல்லை.
ஊசி போடாத சிரிஞ்சில்
தயிர்த் தண்ணீர் சொட்டு சொட்டாக.
குக்கர் விசிலுக்குக்கூட அவன் காது திரும்பவில்லை.

பெரிய இலைக்காரியை
கீழ்வீட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்தேன்,
தொட்டி மட்டும் எனக்கு.
ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஜெசிந்தா.
'எங்கடி என் பெரியவ?'
ஃபேன் கொக்கியில் தொங்கும் மணி பிளான்டைக் காட்டினேன்.
இந்தப் பக்கம் திருப்பு என்றாள்.
சிக்னல் சரியில்லை என்றேன்.
நான் எந்த இலையையும் தின்னவில்லை,
ஆனாலும் நாக்கு எழும்பவில்லை.

வெறும் தொட்டிக்கும் பழக்கத்தில்
செவ்வாய், வெள்ளி ஊற்றினேன்.
யாரும் விதைக்காத ஒன்று முளைத்தது,
பல்வெட்டு ஓரமாய்ச் சின்ன இலைகள்,
சாக்கடை ஓரத்தில் ஆயிரம் பார்த்த முகம்.
வேரோடு பிடுங்கிக் கீழே போட்டேன்.
எங்கிருந்தோ வந்தார்.
அந்த வேரில் கன்னத்தைத் தேய்த்தார்,
தலை தாழ்த்தினார், புரண்டார்,
முன்கால்களால் அணைத்துக்கொண்டு
பதவி மானம் எல்லாம் விட்டுக் கிடந்தார்.

குப்பை வாங்க வந்த பஞ்சவர்ணம்
வாசலில் நின்று சிரித்தாள்.
'குப்பைமேனிக்கா. எங்கூர்ல பூனைவணங்கிம்பாக.
நீங்க ஏன் இதப் போய்ப் பிடுங்கினீக?'

திரும்ப நட்டேன். இரண்டு நாள் துவண்டு, பிறகு நின்றது.

இன்றைக்குத்தான் படம் எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன்.
'உன் பெரியவள் இப்போது ஜெராக்ஸ் கடையில்.
அவள் தொட்டியில் இவள்.
பூனை ஒன்று இருக்கிறது. சொல்லவில்லை.'
இரண்டு நீலக் கோடு.
டைப்பிங் என்று வந்தது, நின்றது.
மறுபடி வந்தது, நின்றது.

சமையலறையில் தாசில்தார்
மீன் பாத்திரத்தின் முன் உட்கார்ந்து
கத்திக்கொண்டிருந்தார்,
கரகரப்பாக,
பாதிக் குரல்தான் இன்னும்.