பிளைண்ட்

ஜுபைல். ஷட்டவுன் பதினோராம் நாள்.
பதினாறு இஞ்ச் லைனில்
வலக்கண்ணை மூடிக்கொண்டு கேஜ் படித்தேன்.
முள் வளைந்திருந்தது.
திறந்திருந்த கண்ணுக்குள்
சிலந்தி நூல் ஒன்று
மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

கிளினிக்கில் இக்னாத்தியூஸ், இக்னாத்தியூஸ் என்று
மூன்று தரம் கூப்பிட்டார்கள்.
இன்னாசி, நான்காம் தரம் எழுந்தேன்.

டாக்டர் சூடான்காரர்.
ஊரைப்பற்றி அவர் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.
திரையைத் திருப்பினார்:
ஆரஞ்சு நிலம், சிவப்புக் கோடுகள்,
ஒரு மூலையில் மட்டும்
கோழி கிளறிய மாதிரி.

அரபி பாதி, கை பாதியாகச் சொன்னார்:
சர்க்கரை பழைய குழாய்களை அடைத்துவிட்டது.
காற்றுக் கிடைக்காத சதை கத்துகிறது.
சத்தம் கேட்டுப் புதுக்குழாய் முளைக்கிறது.
அவசரத்தில் முளைத்தது.
சுவர் மெல்லிசு. கசியும். உடையும்.

புரிந்தது.
டிராயிங் இல்லாத லைன்.
பெர்மிட் இல்லாத வெல்டு.
இருபத்திரண்டு வருஷமாக
இரண்டு ஃபிளேஞ்சுக்கு நடுவே தகடு சொருகுகிறவன் நான்.
அந்தத் தகட்டுக்குப் பிளாண்டில் பெயர் பிளைண்ட்.
குருடு.
குருடு போட்டால்தான் ஓட்டம் நிற்கும்,
ஆள் நம்பி உள்ளே இறங்கலாம்.

குழாயை வெட்ட மாட்டேன், என்றார்.
கத்தலை அடைக்கிறேன்.

பழுப்பு மருந்து எரிந்தது.
இமைக்கு ஒரு கிளிப்.
"மேலே நோக்கு சேட்டா,"
கோட்டயத்து ஜெஸ்ஸம்மா என் நெற்றியைப் பிடித்திருந்தாள்.
ஊசி வந்தது தெரியவில்லை.
வந்த பிறகு
கண்ணுக்குள் கரும்புகை சுருண்டது,
காற்று மாறிய நாளில் ஃபிளேர் விடுகிற புகை.

ராத்திரி கேம்பில் தூக்கமில்லை.
எரிச்சலால் அல்ல.
கத்துகிறது என்றாரே, அதனால்.

மூச்சுக் கிடைக்காத ஓர் இடம் கத்தி
முளைத்து வந்தவன்தானே நானும்.
ஏஜெண்டுக்கு அறுபதாயிரம்,
பதினேழே நாளில் விசா,
மெல்லிய சுவர்.
மேல்கட்டில் சூசைராயன் ஒரு ஆகஸ்டில் உடைந்தான்.
அவன் சாப்பாட்டு டப்பா
இன்னும் என் பெட்டிக்கு அடியில்.
கசிந்தோம்தான்.
கசிந்தபடியே
அங்கே காற்று போய்ச் சேர்ந்தது,
இரண்டு தங்கைகளுக்கும் ஒரு போட்டுக்கும்.

இதை டாக்டரிடம் சொல்ல நினைத்தேன்.
எந்தப் பாஷையில்?
மாதம் ஒன்று, ஆறு மாதம் என்று
சீட்டெழுதிக்கொண்டிருந்தார்.
இன்ஷூரன்ஸ் மூன்றுக்குத்தான் சம்மதித்தது.
மிச்சம் மூன்று என் ஓவர்டைம்.

ஷட்டவுன் முடிந்தால்
போட்ட பிளைண்டையெல்லாம் எண்ணிக் கழற்ற வேண்டும்.
ஒன்று உள்ளே தங்கினாலும் பிளாண்ட் எழும்பாது.
நாற்பத்தேழு போட்டிருந்தேன்.
நேற்று வலக்கண்ணை மூடிக்கொண்டு
ஒவ்வொரு டேக்காகப் படித்தேன்,
பக்கத்தில் நின்ற பீகார்ப் பையன்
பேனாவோடு காத்திருந்தான்.
நாற்பத்தாறு வரை நேராக நின்றன.
கடைசி எண் கொஞ்சம் சாய்ந்திருந்தது,
காற்றில் நிற்கிறவனைப்போல.
எண் அதுதான்.
எழுதிக்கோ என்றேன்.