துயா வேலியின் தெற்குப் பக்கம்

ரீஹெனில், ஆறாம் நம்பர் ட்ராம் திரும்பும் வளைவுக்கு மேலே
பதினெட்டு மீட்டர் துயா வேலி.
தெற்குப் பக்கம் மட்டும் துருப்பிடித்திருந்தது.

தண்ணீர் போதவில்லை என்றார் ஓஷ்கர் அம்மா.
அவள்தான் எதையோ ஊற்றினாள் என்றார்
அந்தப்புறத்து ப்ரொட்பெக்,
அவரிடம் அல்ல, என்னிடம்.
பதினொரு வருடமாக இருவருக்கும் கதை பேச்சில்லை.
வாள் பிடித்தவனிடம் எல்லாரும் கதைப்பார்கள்.

பட்டையை நெம்பினேன்.
வளையல் அடுக்கியதுபோல் மரத்தூள் இறுகிய பாதை.
அதன் முனையில் ஒரு புழு,
ஆணித்தலை போல் நெஞ்சு அகன்று, வால் மெலிந்து.
வெளிச்சம் பட்டதும் சுருங்கியது.

நண்பகல் ஏறியபின்தான் அது வந்தது.
சுண்டுவிரல் நகத்தளவு.
பச்சை.
இலையின் பச்சை இல்லை,
மயில்கழுத்தை உருக்கி ஒரு சொட்டு விட்ட பச்சை.
முதுகில் கருநீலப் பொட்டுகள்.
என் கையுறையில் நின்று, வெயிலை ருசித்து, போய்விட்டது.

பொன்வண்டு என்றேன்.
தெனுஜன் கைபேசியில் வரைபடம் திறந்தான்.
மொராக்கோ, ஸ்பெயின், இத்தாலி, எல்லாம் நிழலிட்டு
ஆல்ப்ஸின் காலடியில் நின்றுபோன பழைய படம்.
நிழல் முடிந்த கோட்டுக்கு வடக்கே
எங்கள் பூட்ஸ் நின்றன.
"அண்ணை, எங்களை மாதிரி" என்று சிரித்தான்.
இல்லையடா.
அதுக்கு ஊர் என்பது சூடேறிய பட்டை,
அவ்வளவுதான். வாளை எடு.

வேலி காய்ந்தது இந்த வருடம்.
செத்தது அதற்கும் முந்திய ஒரு ஜூலையில்.
வெயிலில் வெடித்த பிளவுக்குள்
ஒருத்தி முட்டை செருகிவிட்டுப் போன நாள்
இவர்கள் அவரவர் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்திருப்பார்கள்,
நூல் பிடித்து, ஒரு விரல் மீறாமல்.
எங்கள் பக்கம் இருட்டில் கதியாலை ஒரு சாண் தள்ளி நடுவார்கள்.
இங்கே லேசர் வைத்து அளக்கிறார்கள்.
கோபம் அதே சாண்தான்.

கன்டோன் படிவம்: இடம், தேதி, எண்ணிக்கை.
ஒன்று என்று எழுதினேன்.
வெட்டிய தண்டுகளில் ஓட்டைகளைத்
தெனுஜன் எண்ணத் தொடங்கி
நானூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டான்.
எல்லாம் வெளியேறிய ஓட்டை.

மூன்று மணிக்குள் வேலி லொறியில்.
புல்வெளி ஒன்றே ஆகிவிட்டது.
இரண்டு மேசை, இரண்டு கோப்பை,
நடுவில் ஒளிய எதுவுமில்லை.
ப்ரொட்பெக் கையைத் தூக்கினார்,
கண் கூசியதோ என்னவோ.

போகும்போது ஓஷ்கர் அம்மா கேட்டார்,
அதே இடத்தில் சீக்கிரம் வளர்வது என்ன நடலாம்?
லொறிக் கதவடியில் ப்ரொட்பெக்கும் கேட்டார்,
குரலைத் தாழ்த்தி,
அதே கேள்வியை.