முழங்கை வரைக்கும்

பதினோரு வருஷமாக
என் வலது கை மட்டும் வெளியூர் போய்வந்தது,
முழங்கை வரைக்கும்.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் பாதை.
நோட்டை வாங்கு, சில்லறை கொடு, ரசீது கிழி.
மீதி உடம்பு கண்ணாடிக்குள்
மின்விசிறிக்கு அடியில்.

கை கறுத்தது. தோள் வெளுப்பாகவே கிடந்தது.
"முனிரத்னா, இது யாரோட கை?"
என்று கேட்டான், கல்யாணமான புதிதில்.
பிறகு எதுவும் கேட்பதில்லை.
பிறகு அவனே இல்லை.
ஓசூரில் சௌக்கியமாக இருக்கிறானாம்.

மாங்கூழ் டேங்கர், கல் ஏற்றிய டாரஸ்,
மொட்டையடித்த குழந்தை எட்டிப்பார்க்கும் வேன்.
யாரிடமும் எங்கே என்று கேட்டதில்லை.
எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்:
சில்லறை இருக்கா?

அப்புறம் கண்ணாடியில் ஸ்டிக்கர் வந்தது.
வண்டிகள் 'பீப்' என்று கடந்தன.
கை மடியில் கிடந்தது,
வேலை போன ஆளைப்போல.

அந்த ஞாயிறு பர்கூருக்குத்தான் கிளம்பினேன்,
தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து.
பர்கூர் பஸ் நின்றுகொண்டிருந்தது.
ராயக்கோட்டை பஸ் நகர்ந்துகொண்டிருந்தது.
வேறு காரணம் யோசித்தும் பார்த்தேன்,
கிடைக்கவில்லை.

இடது பக்கம், ஜன்னல் சீட்.
ராயக்கோட்டையில் தக்காளிக் கிரேடுகள்
என் கண் உயரத்துக்கு நின்றன.
தேன்கனிக்கோட்டை வருவதற்குள்
பஸ்ஸுக்குள் மூன்று பாஷை.
கன்னடத்தில் எவளோ எவளையோ திட்ட,
புரியாமலே நானும் அவள் கட்சி.

அஞ்செட்டியில் பஸ் மாறும்போது
களியும் கீரைக் கடைசலும் தின்றேன்.
தங்கச்சி போன் பண்ணினாள்:
"தாம்பூலமே கொடுத்தாச்சு, எங்கடி இருக்க?"
சொல்ல வாயெடுத்தேன்.
காடு வந்து சிக்னலை வாங்கிக்கொண்டது.

ஒரு வளைவில் டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
ரோட்டில் சாணம், சூடு ஆறாமல்.
மூங்கிலுக்குள் ஏதோ முறிந்தது.
நாற்பது பேர், ஒரு கோழி உட்பட,
ஒரே மூச்சை ஆளுக்குக் கொஞ்சம் வைத்திருந்தோம்.
யானை வரவில்லை.
வராத யானைக்குப் பத்து நிமிஷம்
வழிவிட்டு நின்றோம்.
எந்தக் கட்டையும் குறுக்கே இல்லை.

ஒகேனக்கல்லில்
எண்ணெய் தேய்த்துவிட ஆள் கூப்பிட்டது,
வறுத்த மீன் கூப்பிட்டது.
நான் பரிசலில் ஏறினேன். தனியாகவா, என்றார் கெம்பராஜ்.
ஆமாம் என்றேன்.
சொன்னபோது அது ஒரு குறையாகப் படவில்லை,
எடை மாதிரி இருந்தது.

பாறைகளுக்கு நடுவில்
துடுப்பை ஓரமாகக் குத்தி
பரிசலைச் சுற்றிவிட்டார்.
பாறை வானம் தண்ணி பாறை வானம்
எது போகும் திசை, எது வரும் திசை,
ஏழாம் பாதை எங்கே
கத்தினேன்.
கண்ணாடிக்குள் பேசிப் பேசிச் சிறுத்த குரல்
பாறையில் பட்டு
கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பிவந்தது.

கரைக்கு வரும்போது கேட்டார்:
"முப்பது ரூபா பாக்கி தரணும்.
சில்லறை இல்லையே அக்கா?"

சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.
பயந்துபோய் மடியைத் தடவிப் பார்த்தார் பாவம்.
"முப்பது ரூபாய்க்கு
இன்னும் ஒரு சுத்து விடுங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை, ஏழாம் பாதை.
இடது கையில் தோல் உரிந்துகொண்டிருக்கிறது,
முழங்கைக்கு மேலேயும்.
தங்கச்சி இன்னும் பேசவில்லை.
சம்பளம் அதேதான்.

ஸ்டிக்கர் வேலை செய்யாத லாரி ஒன்று வந்தது.
நோட்டை வாங்கினேன்.
"எங்கண்ணா போறீங்க?"
ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்து
"நாக்பூர்" என்றார்.

நாக்பூருக்கு எத்தனை ராத்திரி ஆகும்,
வழியில் எந்த ஊரில் டீ நன்றாக இருக்கும் என்று
பின்னாடி ஹாரன் அடிக்கிறவரை
கேட்டுக்கொண்டிருந்தேன்.