ஏழாவது கேள்வி

காலை ஏழே முக்காலுக்கு மூன்றாவது கேட்டில் வேன் நிற்கும்.
இன்று பதினொரு பேர்.
பெயின்ட் அடிக்க ஆறு, சாரம் கட்ட மூன்று,
தொட்டி கழுவ இரண்டு.
ஒப்பந்தக்காரர் வரவில்லை,
அவர் கையெழுத்து மட்டும் வந்திருக்கிறது.

தகர ஷெட்டில் பெஞ்சு.
செல்போன், பீடி, தீப்பெட்டி எல்லாம் தட்டில்.
அரைஞாண் மடிப்பிலிருந்து ஒரு லைட்டர் கடைசியாக வரும்.
எல்லா நாளும் ஒன்று கடைசியாக வரும்.

பேச்சு எனக்கு மனப்பாடம்.
அமோனியா சொல்லிவிட்டு வரும்,
மூக்கில் அடிக்கும், கண்ணைக் கரிக்கும்.
நைட்ரஜன் சொல்லாது.
நாம் இழுக்கிற காற்றில் முக்கால் பங்கு அதுதான்,
முழுப் பங்கும் அதுவே என்றானால்
இரண்டு மூச்சு போதும்.

காலி டிரம் காலி இல்லை என்கிறேன்.
திருமருகல் பக்கம் ஒரு வீட்டில்
நம் கம்பெனி டிரம்மில் விதைநெல் பார்த்தேன்.
சொல்வதா என்று நின்று, பிறகு சொன்னேன்.
"சோப்புப் போட்டுக் கழுவிட்டம்மா" என்றார்கள்.
இதை வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள்.
சிரித்தார்கள்.

கம்பத்தில் காற்றுப்பையைக் காட்டுகிறேன்.
அதன் வால் போகும் திசையில் ஓடாதீர்கள்,
குறுக்கே ஓடுங்கள், பிறகு கூடுமிடம்.
சாமந்தான்பேட்டை அஞ்சப்பன்
கடலுக்குப் போகாத நாளில் சாரம் கட்டுகிறவர்,
கம்பத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.
"இப்ப கச்சான் அடிக்குது.
பத்து மணிக்கு மேல சோழகம் திரும்பிடும்.
கச்சான்ல நச்சு கெளம்புனா கிழக்கதானே போவும்?
கூடுற எடத்த ஏன் கிழக்க வச்சிருக்கீங்க?"

வரைபடம் போட்டவர் இந்த ஊரில் தூங்கியதில்லை.
குறித்துக்கொள்கிறேன்.
போன ஆனியிலும் குறித்தேன், அதே நோட்டில்.

பிறகு பரீட்சை. பத்துக் கேள்வி.
ஏழாவது: தொட்டிக்குள் உடன் வேலை செய்பவர் மயங்கி விழுந்தால்
அ. உடனே இறங்கித் தூக்குவேன்
ஆ. இறங்காமல் அபாய மணி அடிப்பேன்
இ. மேஸ்திரிக்கு போன் செய்வேன்
(போனைத்தான் தட்டில் வாங்கிவிட்டோமே.)
பதினொரு தாளிலும் ஆ.
வேனிலேயே விடை வந்துவிடும்.

மதலைமுத்து மட்டும் தாளை நீட்டாமல் வைத்திருந்தார்.
தொட்டி கழுவ வந்தவர். வாய்க்கல் நின்று காவல் அவர்,
உள்ளே இறங்குவது சந்தியாகு.
"ஆன்னுதான் எழுதியிருக்கேன் மேடம்.
உள்ள போறது என் தம்பி.
எவ்வளவு நேரம் ஆ?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும்.
முதலில் விழுந்தவனைவிட
தூக்கப் போனவர்கள்தான் அதிகம் சாகிறார்கள்.
புத்தகத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறது.
வாயைத் திறந்தேன்.
சந்தியாகு பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
வெளியே நாய்க்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பதினெட்டு என்று ஆதார் சொல்கிறது.

"இருங்க" என்றேன்.

மீட்புக் கருவி அறையிலிருந்து ஐந்தாம் தொட்டி வரை
கைக்கடிகாரம் பார்த்து நடந்தேன்.
ஒன்பது நிமிடம். ஓடினால் ஐந்து.
மூளை நான்கு நிமிடம் தாங்கும் என்று
சற்றுமுன் நான்தான் சொன்னேன்.
தூக்கும் முக்காலி இருந்தது,
அதில் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள்.
கம்பிவடம் துருப்பிடித்து ஒரு சுற்றோடு நின்றது.
பதிவேட்டில் அது நேற்றுதான் சோதிக்கப்பட்டிருக்கிறது.
கீழே என் கையெழுத்து.

அனுமதிச்சீட்டில் இன்று கையெழுத்திடவில்லை.
புது வடம் திருவாரூரிலிருந்து வர வேண்டும்,
வாய்க்கு அருகே முக்காலி நட வேண்டும்,
மூச்சுக் கருவி இரண்டு, ஆள் இருவர்.
மேனேஜர் மூன்று முறை கூப்பிட்டார்.
முதல் இரண்டை எடுத்தேன்.

அஞ்சப்பன் சொன்னதற்குக் கால்மணி பிந்தி
காற்றுப்பை ஒருமுறை தொய்ந்து, திரும்பி நிறைந்தது.
அண்ணனும் தம்பியும் வேப்பமர நிழலில்
டீ கிளாசோடு உட்கார்ந்திருந்தார்கள்.
அரைக் கூலியாவது கிடைக்குமா என்று
சந்தியாகுதான் வந்து கேட்டான்.
கொஞ்சம் கோபமாக.