டேப் ரெக்கார்டரின் வேகம்

உறைக்குள் என்ன, தோசைக்கல்லா என்றார் ஆட்டோக்காரர்.
கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.
தோல் போர்த்த வட்டம், ஐந்து கம்பி.
ஐந்தாவது மட்டும் கழுத்தின் பாதி வழியில் தொடங்கும்,
சிட்டி ஸ்டேஷனை விட்டுவிட்டு
கன்டோன்மென்ட்டில் ஏறும் பயணி போல.
கட்டைவிரல் சொன்னால்தான் கேட்கும்.

பகலில் பீன்யாவில் லேத்.
விரல்களில் மாட்டும் நகங்களை
மிச்சத் தகட்டில் நானே வளைத்துக்கொண்டேன்.
சூப்பர்வைசர் பார்த்தார்,
பார்க்காதது போலப் போனார்.

ஞாயிறு மாலை லிங்கராஜபுரம்.
டொரத்தி வீட்டு மொட்டைமாடி,
சின்டெக்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில் ஐந்து பேர்,
ஒரே மைக்.
உன் முறை வந்தால் முன்னால் வா,
வாசி, பின்வாங்கு.
ப்ளூகிராஸ் அவ்வளவுதான் என்பாள் கிட்டாரைத் துடைத்தபடி.
பின்வாங்குவதை நான் இன்னும் கற்கவில்லையாம்.

சுதர்சனன் பதினாறு வருஷம் தரையில் உட்கார்ந்து
பாதத்தில் வயலினை ஊன்றி வாசித்தவர்.
நிற்கச் சொன்னால்
வயலின் எங்கே போயிற்று என்று
காலடியில் தேடுவது போல இருக்கும்.

திம்மராஜு தன்னைவிட உயரமான பாஸுக்குப் பின்னால் நிற்பார்.
நாலு அடிக்கு இரண்டு சுரம்.
மூன்றாவது கேட்டால்
கடன் கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.
நாங்கள் நால்வரும் வழி தவறினாலும்
பாட்டு அவரிடம் பத்திரமாக இருக்கும்.

ருவாத்தி ஐஸ்வாலிலிருந்து வந்தவள்,
கம்மனஹள்ளியில் பல் டாக்டரிடம் வேலை.
அவள் குரல் மேலே ஏறி
உடையப்போகிற இடத்தில் போய் நிற்கும்.
உடையாது.
காதலியை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் கொல்லும் பாட்டு
இந்த இசையில் ஏகப்பட்டது.
ஒருநாள் பாதியில் நிறுத்தினாள்:
இவள் அப்படி என்னதான் பண்ணினாள்?
எங்கள் யாருக்கும் தெரியவில்லை.
நாலு வருஷமாக வாசிக்கிறோம்.
அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்குச் சொற்கள் இல்லை.
ஆறு வரும் இடத்தில்
சுதர்சனன் வில்லை எடுத்துவிடுகிறார்.

மலைக்குப் போகணும், மரவீட்டுக்குப் போகணும் என்று பாடுகிறோம்.
எனக்கு எந்த மலை?
பிறந்தது கோஷா ஆஸ்பத்திரி,
இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
ஆனாலும் அந்த வரி வந்தால் தொண்டை அடைக்கிறது.
வாடகை ஏக்கம்தான்.
இந்த ஊரில்
பத்து மாச அட்வான்ஸ் கேட்காத ஒரே வாடகை.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
நான் கற்றது ஒரு கேசட்டிலிருந்து.
சண்டே பஜாரில் பதினைந்து ரூபாய்,
அட்டையில் பெயர் அழிந்திருந்தது.
வாசித்தது யார், உயிரோடு இருக்கிறாரா,
ஒன்றும் தெரியாது.
அவர் வேகம் மட்டும் தெரியும்.
அதைப் பிடிக்க எட்டு வருஷம்.
மணிக்கட்டில் அயோடெக்ஸ்,
சுவருக்கு அந்தப் பக்கம்
பாத்திமுன்னிசா அக்காவின் கரண்டித் தட்டல்.

போன மாதம் அதே கேசட்டை
டொரத்தியின் டெக்கில் போட்டோம்.
மெதுவாக வந்தது.
ஏறக்குறைய ஒரு சுரம் கீழே,
கையில் நேரம் இருக்கிற ஒரு மனிதன்
சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில்
மூச்சு விட்டுக்கொண்டு வாசிக்கிறான்.
நான் துரத்திய வேகம்
என் பழைய டேப் ரெக்கார்டரின் மோட்டாருடையது.

டொரத்தி தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.
திம்மராஜு சிரிக்கவில்லை.
அதான் இத்தனை நாளா
உன்னை இழுத்துப் பிடிச்சிட்டிருந்தேன் என்றார்.

மெதுவாக வாசித்துப் பார்த்தேன். வரவில்லை.
விரல்கள் மோட்டாரைத்தான் நம்புகின்றன.
நேற்று மைக்குக்கு முன்னால் போய்
ஒரு சுரத்தை,
ஒன்றே ஒன்றை,
வேண்டுமென்றே விட்டேன்.
அந்த இடைவெளியில்
தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.
ருவாத்தி திரும்பிப் பார்த்தாள்,
கம்பி அறுந்துவிட்டதோ என்று.