தங்கம் இருக்கா

டிசம்பர் இருபத்தொன்பது.
இன்னும் இரண்டு பறப்பு பாக்கி.
முப்பது ஆனால் அட்டை தங்கமாகவே இருக்கும்,
இருபத்தெட்டில் நின்றால் வெள்ளி.
வெள்ளிக்கு அந்தக் கூடுதல் பதினைந்து கிலோ கிடையாது.

மரைக்காயர் லெப்பைத் தெரு இரண்டாம் மாடியில்
நைனா பாய் கையை விரித்துவிட்டார்.
"சரக்கு இல்ல தேசம்மா, பொங்கல் கழியட்டும்."
பொங்கலுக்கு முன்னாடி வருசம் கழிஞ்சிடும் பாய் என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.
ஒருநாளும் விமானம் ஏறாத மனிதர்,
எங்களைத்தான் ஏற்றிவிடுவார்.

எங்களுக்குக் குருவி என்று பெயர்.
நாற்பத்தைந்து கிலோ தூக்கும் குருவியை
யார் பார்த்து வைத்தார்களோ.

கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
கிலோவுக்கு நூற்றிருபது,
பதினைந்து கிலோவுக்கு ஆயிரத்து எண்ணூறு.
கொழும்பு போய்த் திரும்ப
என் கைக்காசு பதினாலாயிரத்து இருநூறு.
எட்டு நடையில் மீண்டுவிடும்.
கணக்கு சரிதான்.
ஆனால் கணக்குப் போடும் முன்பே
டிக்கெட் எடுத்திருந்தேன்.

ரேஷன் கடையில் நான் "ஏம்மா, அந்தாண்ட நில்லு."
ஸ்டான்லியில் நான் டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு.
அந்த விமானத்தின் வாசலில் மட்டும்
கழுத்தில் பட்டுத்துணி கட்டிய ஒரு பெண்
என் பெயரைத் தப்பாக, முழுசாகச் சொல்லி
மீண்டும் வருக என்பாள்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினேன்.
வெற்றுப் பெட்டி தானாகவே உருண்டு முன்னால் ஓடியது,
பிடித்து இழுக்கவேண்டி இருந்தது.
வலது தோள் மட்டும்
பழக்கதோஷத்தில் சாய்ந்தே இருந்தது.

தராசில் நாலு கிலோ இருநூறு.
"வேற லக்கேஜ்?"
வேற இல்லை.
அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
முன்னுரிமை என்கிற ஆரஞ்சுச் சீட்டை
அதற்கும் கட்டினாள்.

பெரிய மனிதர்கள் உட்காரும் அறையில்
இடியாப்பம் இருந்தது, பசி இல்லை.
சர்க்கரைப் பொட்டலம் ஆறு எடுத்துக்கொண்டேன்,
அது வழக்கம்.

ஜன்னல் ஓரம்.
இத்தனை வருடத்தில் முதல்முறை
அடிவயிற்றில் பயமில்லாமல் பறந்தேன்.
கடல் தெரிந்தது.
காசிமேட்டில் நாற்றமாகத் தெரியும் அதே கடல்தான்.

கொழும்பில் மூன்று மணி நேரம்.
வெளியே மழை,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.

திரும்பியதும் பெல்ட்டில் முதலில் வந்தது என் பெட்டி.
முன்னுரிமை அல்லவா.
சுங்கத்தில் தெரிந்த முகம்தான்,
மீசை மட்டும் புதுசு.
"தங்கம் இருக்கா?"
"கீது சார்."
பின்னால் வரிசை அசையாமல் நின்றது.
நீட்டிய கையில் அட்டையை வைத்தேன்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்,
சிரிக்கவில்லை.

பெட்டியைத் திறந்தார்.
உள்துணியைத் தடவினார், சக்கரத்தைத் தட்டினார்,
கைப்பிடியை இழுத்து ஓட்டைக்குள் டார்ச் அடித்தார்.
ஒன்றுமில்லாததைத் தேட
நாற்பது நிமிடம் பிடித்தது.
சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து
நாக்கில் வைத்தும் பார்த்தார்.
"அப்ப எதுக்கும்மா போன?"
"போறதுக்குத்தான் சார்."

ஜனவரி ஒன்று காலை
நேதாஜி நகரில் தண்ணீர் லாரி.
என் குடத்துக்கு முன்னால் பதினெட்டுக் குடம்.
எதிர்வீட்டு ஜெபஸ்டின் பயல்
அந்த ஆரஞ்சுச் சீட்டை என் குடத்தின் கழுத்தில் கட்டிவிட்டு
ஓடிப்போய் ஒளிந்து நின்று பார்க்கிறான்.
போன் அதிர்ந்தது:
வாழ்த்துகள், உங்கள் தங்க நிலை தொடர்கிறது.
அதன் கீழே சின்ன எழுத்தில்,
இந்த ஆண்டின் பறப்புகள்: 0.

முன்னால் ஒரு குடம் நகர்ந்தது.
காலால் தள்ளி
நானும் நகர்த்தினேன்.